பிஹெச்டி சீட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் 1,85,000 ரூபாய் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம் அந்த அலுவலகத்து மாடிப்படியில் இறங்கும்போது கை நடுங்கியது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எகனாமிக்ஸ் பிஹெச்டி சீட் என்று நம்பிப் போனது 1,85,000 ரூபாய்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஐந்து வருடமாக வேலை. எகனாமிக்ஸுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனால் கரண்ட் மிச்சம் பிடிக்கும் பம்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க விவசாயிக்கு அவசியமே இல்லை. வாங்க ஆள் இல்லாததை நாங்கள் ஏன் செய்யப்போகிறோம்? நடுவில் கிணறு மட்டும் ஆழமாகிக்கொண்டே போகிறது. யார் மேலும் தப்பில்லை, ஆனால் எல்லாருக்கும் நட்டம். இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன், பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோவின் எம்ஐடி ஆன்லைன் வகுப்புகள் வரை போனேன். அமெரிக்காவில் எகனாமிக்ஸ் பிஹெச்டி என்ற ஆசை அங்கேதான் வந்தது.

வழி கேட்க ஆள் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சி ஒன்றுக்குப் போனேன். வாசலில் நாலு நாட்டுக் கொடி, சுவர் முழுக்க விசா வாங்கிய பிள்ளைகள் போட்டோ, அந்த வகை. பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நேற்றே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை மாதம். உள்ளே அழைத்து உட்கார வைத்தவர் ஓனரே. ஐம்பது வயதிருக்கும். ஃபில்டர் காபி வந்தது. மார்க் ஷீட்டைத் தொடவே இல்லை. "அப்பா என்ன பண்றாருங்க தம்பி?" என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பா டிரைவருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இப்போது யோசித்தால், வாத்தியார் மகன் போயிருந்தால் அவருடைய அப்பா ஹெட்மாஸ்டர் ஆகியிருப்பார்.

அப்புறம்தான் மார்க் ஷீட். எம்-3 கணக்கில் எனக்கு ஒரு அரியர் உண்டு. "அதெல்லாம் அமெரிக்காக்காரன் பார்க்க மாட்டான் தம்பி." அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில், கணக்குப் பகுதியான குவான்டில் 170க்கு 168. "இது ஒண்ணே போதும்." பி.இ. படித்தவனை எகனாமிக்ஸில் எடுப்பார்களா என்று கேட்டதற்கு, "ரகுராம் ராஜன் யாரு? ஐஐடி டெல்லியில எலக்ட்ரிகல் படிச்சவர்தானே?" என்றார். ரிசர்வ் வங்கி முன்னாள் கவர்னரைச் சொன்னார். உண்மைதான். ஆனால் ராஜனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஐஐடியும் ஓர் ஐஐஎம் அகமதாபாத்தும் இருக்கிறதே என்று காபி குடிக்கும்போது எனக்குத் தோன்றவில்லை.

பத்து பல்கலைக்கழகம், அப்ளிகேஷன் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,85,000. யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் அன்று ஒரு லட்சம், மறுநாள் 85,000. அந்த 85,000 அம்மா தள்ளி எடுத்த ஏலச்சீட்டுப் பணம். போனது கம்பெனிக் கணக்குக்கு அல்ல, அவர் சொந்தக் கணக்குக்கு. பில் கேட்டதற்கு லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்.

அக்டோபரில், ஏன் இதைப் படிக்க வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் கட்டுரை, எஸ்ஓபி, அவர்கள் எழுதி வந்தது. முதல் வரியே, சிறுவயதில் என் அப்பாவின் மளிகைக்கடையில் துவரம்பருப்பு விலை ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்குப் பொருளாதார ஆர்வம் பிறந்ததாம். எந்த மளிகைக்கடை? யாருடைய அப்பா? பம்ப், கிணறு, இலவச மின்சாரம், ஒன்றுகூட அதில் இல்லை. திருத்தி அனுப்பினேன். "மாத்தியாச்சு சார்" என்று பதில் வந்தது. (தம்பி, சார் ஆகிவிட்டதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.) சிபாரிசுக் கடிதத்துக்குப் பேராசிரியர்கள் பெயரில் மூன்று ஜிமெயில் ஐடி திறந்து கொடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அது ஃபோர்ஜரி. அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாத புத்தி, அப்ளிகேஷன் பாஸ்வேர்டை எல்லாம் அவர்களிடம் கொடுத்தபோது எங்கே போயிருந்ததோ!

ஜனவரியில் சந்தேகம் வந்து ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அப்ளிகேஷன் போர்ட்டலாகத் திறந்து பார்த்தேன். பத்தில் எட்டுதான் போயிருந்தது. எட்டிலும் அதே மளிகைக்கடை. ஒன்றில் கடைசிப் பத்தியில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர். மீதி இரண்டு, கட்டணம் கட்டாமல் பாதியில் கிடந்தன. கடைசித் தேதி டிசம்பர் 15 போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

போன் செய்தால், சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் டப்ளினில் இருக்கிறார். சர்வர் பிரச்சினை. டீம் செக் பண்ணுது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுவிட்டார், புது மேடம் கூப்பிடுவார். புது மேடம் கூப்பிட்டு, எனக்கு எந்தக் கோர்ஸில் ஆர்வம் என்று முதலிலிருந்து கேட்டார். பிப்ரவரி முழுக்க வாட்ஸ்அப்பில் நீல டிக், மார்ச்சில் ஒற்றை டிக். இதற்கிடையே எட்டு நிராகரிப்பும் வந்து முடிந்தன.

நேற்று நேரில் போனேன். காபி இல்லை. "சர்வீஸ் ஸ்டார்ட் ஆயிட்டா ரீஃபண்ட் கிடையாதுங்க, ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். அனுப்பாத இரண்டு அப்ளிகேஷன் கட்டணமாவது? "அது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். செப்டம்பர் இன்டேக்ல யுகே மாஸ்டர்ஸ் போங்க, 20,000 டிஸ்கவுண்ட்." 1,85,000 வாங்கியவர் எனக்கு 20,000 தள்ளுபடி தருகிறார்! மாஸ்டர்ஸுக்கு ஆள் அனுப்பினால் பல வெளிநாட்டுக் கல்லூரிகள் இவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும். அமெரிக்க பிஹெச்டியில் அது கிடையாது. அங்கே நல்ல துறைகள் ஃபீஸைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் ஸ்டைபண்டும் மாணவனுக்கே கொடுக்கின்றன. என்னை வைத்து இவர்கள் சம்பாதிக்க ஒரே வழி என்னிடமே வாங்குவதுதான்.

வயிறு எரிகிற விஷயம் இனிமேல்தான். ராத்திரி என் காலேஜ் சீனியர் அக்கா ஒருவரிடம் பேசினேன். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு வருடம் ரிசர்ச் அசோசியேட்டாக இருந்துவிட்டு இப்போது பிஹெச்டி செய்கிறார். இருபது நிமிடம், காசு இல்லாமல். "168 எல்லாம் எல்லாரும் வச்சிருப்பாங்கடா. ரியல் அனாலிசிஸ் எடுத்திருக்கியா?" கால்குலஸைத் தேற்றம் தேற்றமாக நிறுவிப் படிக்கும் அந்தக் கணக்குப் பாடத்தின் பெயரே எங்கள் சிலபஸில் இல்லை. எம்-1, எம்-2வில் விடை கண்டுபிடித்தோம், ஒரு தேற்றத்தைக்கூட நிறுவியதில்லை. அங்கே முதல் வருடமே நிறுவல்தானாம். ஹெச்ஓடியும் மேனேஜரும் தரும் கடிதத்துக்கு மதிப்பில்லை, ஆராய்ச்சி செய்யும் பொருளாதார ஆசிரியர் ஒருவர் நம் வேலையைப் பார்த்து எழுத வேண்டுமாம். அதற்காகத்தான் பலர் முதலில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்று எம்.ஏ.வோ எம்.எஸ்ஸியோ முடித்து, ஒன்றிரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக ஸ்டேட்டா, ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருள்களை வைத்து வேலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசியாக அக்கா, "உன் கிணத்துக் கதைக்கு அக்ரிகல்சுரல் அண்ட் ரிசோர்ஸ் எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட் பார்த்தியா? அமெரிக்காவுல யுசி டேவிஸ் யுனிவர்சிட்டில தனியாவே இருக்கே" என்றார். என் பத்துப் பெயர் பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லை.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது தெம்பில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்ளிகேஷன் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பேராசிரியர் பெயரில் ஜிமெயில் ஐடி திறந்து கேட்டால் அங்கிருந்து ஓடிவிடுங்கள். இங்கிருந்து எத்தனை பேரை எகனாமிக்ஸ் பிஹெச்டிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915.

இன்று காலை புகார் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தச் சீட்டுக்கு அவர் இன்னும் ஏழு மாதம் பணம் கட்ட வேண்டும்.