ஜேசியா, பாலியா? கணக்குத் தப்பினால் கையில் என்ன மிஞ்சும்?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் முடிவு ஜனவரி நடுவில் வந்ததும் நம் வீடுகளில் முதலில் கேட்பது “எத்தனை பாயிண்ட்?” அடுத்தது “ஜேசி கிடைக்குமா?”, அதாவது தொடக்கக் கல்லூரி. பாலி என்ற பலதுறைத் தொழிற்கல்லூரிப் பேச்சு அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் “கிடைக்காட்டி பாலிக்குப் போகட்டும்” என்ற தோரணையில். உயர்நிலைப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளை வருடா வருடம் கேட்கிறேன். “எது பெரிசு?” என்ற கேள்வியை முதலில் தூக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி. எடுத்த முடிவு சரிப்படாமல் போனால் எந்த நஷ்டத்தை இந்தப் பிள்ளையால் தாங்க முடியும் என்று பார்த்தால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜேசி இரண்டு ஆண்டு. முடிவில் ஏ நிலைத் தேர்வு. அதே தேர்வை மூன்று ஆண்டு நிதானமாகப் படித்து எழுத மில்லெனியா இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பாலி மூன்று ஆண்டு, முடிவில் டிப்ளோமா. சிங்கப்பூர், நீ ஆன், தெமாசெக், நன்யாங், ரிபப்ளிக் என்று ஐந்து பாலிகள்.

புள்ளிக் கணக்கில் வரும் முதல் குழப்பம்

ஏ1க்கு 1, ஏ2க்கு 2, பி3க்கு 3 என்று தரங்களைக் கூட்டுவதுதான் புள்ளி; குறைந்தால்தான் நல்லது. ஜேசிக்குப் பார்ப்பது எல்1ஆர்5: ஒரு முதல்மொழி, மேலும் ஐந்து பாடம். 20க்குள் இருக்க வேண்டும். பாலிக்கு இஎல்ஆர்2பி2: ஆங்கிலம், படிக்கப்போகும் துறைக்குத் தொடர்புள்ள இரண்டு பாடம், மற்றவற்றில் நன்றாகச் செய்த இரண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 26க்குள் இருக்க வேண்டும். ஒன்றில் ஆறு பாடம், மற்றதில் ஐந்து. அளவுகோலே வேறு.

ஒரு மாணவியின் முடிவை வைத்துப் பார்ப்போம். ஆங்கிலம் பி3, உயர்தமிழ் பி3, கணிதம் ஏ2, கூடுதல் கணிதம் பி4, வேதியியல் பி3, இயற்பியல் பி4, மானிடவியல் (ஹியூமானிட்டீஸ்) பி3. ஜேசிக் கணக்கில் ஆங்கிலம் 3, மானிடவியல் 3, கணிதம் 2, வேதியியல் 3, உயர்தமிழ் 3, கூடுதல் கணிதம் 4, மொத்தம் 18. ஆங்கிலத்திலும் உயர்தமிழிலும் சி6க்குக் குறையாமல் இருப்பதால் இரண்டு புள்ளி கழியும். விளையாட்டு, மன்றம் போன்ற இணைப்பாட நடவடிக்கையில் நன்றாகச் செய்திருந்தால் இன்னும் இரண்டு. ஆக 14. பொறியியல், அறிவியல் பக்கம் பாலிக் கணக்குப் போட்டால் 3, 2, 3, 3, 3 என்று 14 வரும். இணைப்பாடச் சலுகை போக 12. உயர்தமிழ்ச் சலுகை பாலிக்குக் கிடையாது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “பாலிக்குத்தான் உனக்கு நல்ல பாயிண்ட்” என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. அப்படி ஒப்பிட முடியாது. அந்தந்தப் பள்ளியின், அந்தந்தப் பாடநெறியின் சென்ற ஆண்டு எல்லைப் புள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும்.

அந்த எல்லைப் புள்ளியை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. சென்ற ஆண்டு கடைசியாக இடம் பிடித்த மாணவரின் புள்ளி அது. இந்த ஆண்டு ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம்.

இப்போது உயர்நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி: 2027 முதல் ஓ (O) நிலை, என் (N) நிலை என்ற பெயர்கள் மறைந்து எஸ்இசி என்ற ஒரே சான்றிதழ் வருகிறது. 2028ல் ஜேசிக்குள் நுழைபவர்களுக்கு எல்1ஆர்4, அதாவது ஐந்து பாடக் கணக்கு, உச்சவரம்பு 16. அண்ணன் வாங்கிய பாயிண்டை வைத்துத் தம்பியைத் திட்டும் வழக்கத்துக்கு அதோடு ஒரு முடிவு வரும்.

மதிப்பெண் சேரும் விதம்

எனக்குத் தெரிந்து, இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. கட்டணமோ கௌரவமோ இதற்குப் பிறகுதான்.

ஜேசியில் முதலாண்டு முழுக்கத் தடுமாறினாலும், ஆண்டிறுதித் தேர்வில் தேறி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டால், பல்கலைக்கழகம் பார்க்கப்போவது ஏ நிலையை மட்டும்தான். தூங்கி விழித்து எழுந்து கடைசி ஆறு மாதம் வெறி பிடித்தாற்போல் படித்து ஏறியவர்கள் இருக்கிறார்கள். அதே சமயம், நவம்பரில் ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலும் போச்சு. இரண்டு ஆண்டு என்பதும் பேச்சுக்குத்தான். பிப்ரவரியில் சேர்ந்து, அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் முன்னோட்டத் தேர்வுக்குள் பாடம் முடிந்தாக வேண்டும். ஒன்றரை ஆண்டுதான் கையில். எச்2 என்ற ஆழமான நிலையில் கணிதமும் வேதியியலும் அந்த வேகத்தில் ஓடும்போது, உயர்நிலையில் ஏ1 வாங்கிப் பழகிய பிள்ளை முதல் தேர்வில் யு (தரமே இல்லை) வாங்கிவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பதெல்லாம் சர்வ சாதாரணம். பெற்றோர் அப்போது பதறக் கூடாது.

பாலியில் நேர் எதிர். நாலுக்கு எவ்வளவு என்று போடும் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண், முதல் பருவத்தின் முதல் பாடத்திலிருந்தே சேரத் தொடங்கிவிடும். சீருடை இல்லை, காலை ஏழரைக்குக் கொடியேற்றம் இல்லை, சில நாள் வகுப்பே பத்து மணிக்குத்தான். அந்தச் சுதந்திரத்தில் முதல் பருவம் 2.4 வாங்கிவிட்டு மூன்றாம் ஆண்டு வரை அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கணக்குப் பாருங்கள்: ஆறு பருவமும் சம எடை என்று வைத்தால், முதல் பருவத்தில் 2.4 வாங்கியவர் மொத்தம் 3.5ஐத் தொட மற்ற ஐந்து பருவங்களிலும் சராசரி 3.72 எடுக்க வேண்டும்.

குழு வேலையும் உண்டு. ஐந்து பேர் செய்யும் திட்டப்பணியில் இரண்டு பேர் காணாமல் போவார்கள். மதிப்பெண் ஐந்து பேருக்கும் விழும். ரிபப்ளிக் பாலி பிரச்சினை வழிக் கற்றலுக்கே பெயர் போனது. அங்கே குழுவாகப் பேசி, முன்னால் நின்று விளக்கினால்தான் கதை நடக்கும். வகுப்பில் வாயே திறக்காத, ஆனால் தேர்வுத் தாளில் வெளுத்து வாங்குகிற பிள்ளைக்கு இது வேதனை. தேர்வறையில் கை நடுங்குகிற, ஆனால் கொடுத்த வேலையைத் தவணைக்குள் முடிக்கிற பிள்ளைக்கு இதுவே வரம். உங்கள் பிள்ளை இதில் யார் என்று பாயிண்டைப் பார்த்தால் தெரியாது. உயர்நிலை மூன்றில் ஒரு திட்டப்பணியை எப்படிச் செய்தான் என்று நினைத்துப் பாருங்கள், தெரியும்.

சரிப்படாமல் போனால்

ஏ நிலையில் சறுக்கினால் கையில் இருப்பது ஒரு சான்றிதழ்தான். அதை வைத்து நேரே வேலைக்குப் போவது கடினம். அது பல்கலைக்கழக வாசல் வரைக்குமான டிக்கெட். மறுபடி எழுதலாம், தனியார் கல்லூரிக்குப் போகலாம், அல்லது பாலிக்கே வரலாம். ஏ நிலை முடித்துப் பாலிக்கு வருபவர்களுக்குச் சில பாடங்களில் விலக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் மனசு உடைந்துதான் வருவார்கள்.

பாலியில் துறை பிடிக்காமல் போனாலும் மூன்றாம் ஆண்டு முடிவில் டிப்ளோமா இருக்கும், வேலை கிடைக்கும். பிடிக்காத வேலை என்பதுதான் சிக்கல். பதினாறு வயதில் “சப்ளை செயின்” என்று டிக் அடித்தவனுக்கு அது என்னவென்றே அப்போது தெரிந்திருக்காது. நடுவில் துறை மாறுவது எளிதல்ல. பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதற்காகவே வணிகம், பொறியியல், தகவல் தொழில்நுட்பத்தில் பொது நுழைவுப் பாடநெறிகள் வைத்திருக்கிறார்கள்: முதலில் அடிப்படையைப் படித்துவிட்டுப் பிறகு பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். “என்ன படிக்கப் போறே?” என்று கேட்டால் தோளைக் குலுக்குகிற பிள்ளைக்கு, ஒன்று ஜேசி, இல்லையென்றால் இந்தப் பொது நுழைவு. தோளைக் குலுக்கிக்கொண்டே குறிப்பிட்ட ஒரு டிப்ளோமாவில் போய் விழுவதுதான் ஆகாது.

பல்கலைக்கழகம்

“பாலிக்குப் போனா யூனி கிடைக்காது” என்பது பழைய பேச்சு. இப்போது பாலி மாணவர்களை ஜிபிஏவை வைத்தே எடைபோடுகிறார்கள். ஓ நிலைப் புள்ளியை மறுபடி தோண்டி எடுப்பதில்லை. தொடர்புள்ள துறைக்குப் போனால் சில பாடங்களில் விலக்கும் உண்டு. 2024ல் பொங்கோலில் புது வளாகத்துக்குப் போன சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பாலியிலிருந்து வந்தவர்கள்தான் ஏராளம். ஆனால் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் என்று பிடிவாதமாக இருக்கிற பிள்ளைக்கு நான் ஜேசியைத்தான் சொல்வேன். பாலியிலிருந்து அங்கே போனவர்கள் இல்லாமல் இல்லை, மிகச் சிலரே. தாதிமை படிக்க வேண்டும் என்றால் நன்யாங்கிலும் நீ ஆனிலும் டிப்ளோமா இருக்கிறது. அதற்கு ஜேசி வழியாகச் சுற்றத் தேவையில்லை.

ஏ நிலைக்காரர்களுக்கு 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து உச்சப் புள்ளி 90 என்பது 70 ஆகிவிட்டது: மூன்று எச்2 பாடமும் பொதுத்தாளும். நான்காவது பாடமும் தாய்மொழியும் கைகொடுத்தால் சேரும், இழுத்தால் சேராது.

தமிழ்

இதை யாரும் கேட்பதில்லை. நான் சொல்லாமல் விடுவதில்லை. ஜேசியில் எச்2வைவிடச் சிறிய எச்1 நிலையில் தமிழ் தொடரும். முதலாண்டு இறுதியில் தேர்வு. ஓ நிலையில் உயர்தமிழ் தேறியவர்களுக்கு அது கட்டாயமில்லை. விரும்பினால் எச்2வில் தமிழ் மொழியும் இலக்கியமும் எடுக்கலாம். மேலே சொன்ன புதுக் கணக்கால், நல்ல தமிழ் மதிப்பெண் லாபம், மோசமானது நஷ்டமில்லை. பாலியில் தமிழ்ப்பாடம் பெரும்பாலோருக்கு ஓ நிலையோடு முடிந்தது. நீ ஆனில் தமிழியலையும் பாலர் கல்வியையும் சேர்த்து ஒரு டிப்ளோமா ஏற்படுத்தினார்கள். தமிழாசிரியராக நினைப்பவர்கள் அதை விசாரிக்கலாம்.

காசும் தேசிய சேவையும்

குடிமக்களுக்கு அரசாங்க ஜேசியில் மாதக் கட்டணம் ஆறு வெள்ளி, இதர கட்டணங்கள் சேர்ந்தாலும் முப்பது சொச்சம். சுயேச்சை ஜேசி என்றால் மாதம் முந்நூறு வெள்ளியை ஒட்டி வரும். பாலியில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம். பார்த்தவுடன் பாலி செலவு அதிகம் என்று தோன்றும். ஆனால் ஜேசியில் எச்2 பாடங்களுக்கு வெளியே டியூஷன் போட்டால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். (டியூஷன் எடுக்கிறவனே இதைச் சொல்கிறேன்.) பாலிக் கட்டணத்துக்கு உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் இருக்கும் பணத்தைப் பயன்படுத்தலாம், பெற்றோரின் மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி) கல்விக் கடன் எடுக்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்க உதவிநிதி, சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் உதவிநிதி இரண்டும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

பையன்கள் டிப்ளோமா முடித்துக் கட்டாயத் தேசிய சேவைக்குப் போகலாம். ஜேசிப் பையனோடு ஒப்பிட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆண்டு தாமதம், அவ்வளவே.

விண்ணப்பம்

முடிவு வந்த அன்றே கூட்டு மாணவர் சேர்க்கை திறக்கும், சில நாளில் மூடும். முந்தியவருக்கு இடம் என்பதில்லை, புள்ளிதான் பேசும். எனவே முதல் நாள் ராத்திரியே அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். பன்னிரண்டு தெரிவுகள் தருவார்கள். ஜேசியையும் பாலியையும் கலந்தே போடலாம். நிஜமான விருப்ப வரிசையில் போடுங்கள், பன்னிரண்டையும் நிரப்புங்கள். எட்டாத இடங்களை மட்டும் ஆறு போட்டுவிட்டு மீதியைக் காலியாக விட்டால், விரும்பாத இடத்தில் போய் நிற்க நேரும்.

இன்ன துறைதான் வேண்டும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்குப் பாலியில் இஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை உண்டு. ஓ நிலை எழுதும் ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பம். நேர்முகம், ஆர்வத்துக்குச் சான்றாகச் செய்த வேலைகள் எல்லாம் பார்ப்பார்கள். இடம் கிடைத்து ஒப்புக்கொண்டு, குறைந்தபட்சத் தகுதியும் பெற்றுவிட்டால் பிறகு கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. ஜேசிக்கான டிஎஸ்ஏ என்ற நேரடிச் சேர்க்கையும் அப்படியே. “எதற்கும் போட்டு வைப்போம்” என்று ஒப்புக்கொண்டு, ஜனவரியில் எட்டுப் பாயிண்ட் வந்ததும் கையைப் பிசைந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும்.

பாலிகளின் திறந்த இல்லம் ஜனவரித் தொடக்கத்தில், முடிவு வரும் முன்பே நடக்கும். போனால் சாவடியில் நிற்கும் விரிவுரையாளரை விட்டுவிட்டு, டீ-ஷர்ட் போட்டு வழிகாட்டும் இரண்டாமாண்டு மாணவரைப் பிடியுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை ஒப்படைப்பு, வேலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்பினார்கள், கூடச் சேர்ந்தவர்களில் யார் யார் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். அப்பா அம்மா நாலடி தள்ளி நின்றால் பதில் இன்னும் உண்மையாக வரும்.