பைக்குள் அடங்கும் கேமரா: மதுரைத் தெருக்களில் ரிக்கோ ஜிஆர் 3

வெள்ளிக்கிழமைதோறும் விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் வருவது எங்கள் வீட்டு வழக்கம். மல்லிகைக் குவியலுக்கு மேலே தொங்கும் விளக்குகள், விலை கூவும் வியாபாரிகள், தலைச்சுமையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடக்கும் சுமைதூக்கிகள் என்று படம் எடுப்பவனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு; என்னிடம் கேமராவும் உண்டு. ஆனால் இரண்டு லென்ஸ்களோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் அந்த டிஎஸ்எல்ஆர் வீட்டு பீரோவில் இருக்க, நான் ஒரு கையில் பூப்பையும் மறு கையில் வண்டிச் சாவியுமாகச் சந்தையில் நின்றுகொண்டிருப்பேன். இப்படியே இரண்டு வருடம் கழிந்த பிறகுதான், எங்கே போனாலும் கூட வரக்கூடிய, அதே சமயம் படத்தின் தரத்தில் பெரிய கேமராவுக்கு அதிகம் பின்தங்காத ஒரு காம்பாக்ட் கேமராவைத் தேடத் தொடங்கினேன். கடைசியில் வாங்கியது ரிக்கோ ஜிஆர் 3. ஓராண்டுக்கு மேல் அதைப் பயன்படுத்தியபின் எழுதும் மதிப்பீடு இது.

கையில் கைபேசி இருக்கும்போது இன்னொரு கருவி எதற்கு என்ற கேள்வியை வீட்டிலேயே எதிர்கொண்டேன். பகல் வெளிச்சத்தில், கைபேசித் திரையிலேயே பார்த்து முடித்துவிடும் படங்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. வெளிச்சம் குறையும்போதுதான் நிலைமை மாறுகிறது. கைபேசி, வெளிச்சத்தைப் படமாக்கும் தன் சிறிய சென்சாரின் குறையைப் பல படங்களை ஒன்றாகக் கலந்து மறைக்கப் பார்க்கிறது. அசையாத பொருளுக்கு அந்த உத்தி நன்றாகவே பலிக்கிறது, ஆனால் பூவை அள்ளிக் கொட்டுகிற கை மெழுகுப் பொம்மையின் கையைப்போல ஆகிவிடுகிறது. தவிர, படம் எடுக்கப் போகும் நேரம் பார்த்துக் கைபேசிக்கு அழைப்பு வரும். மைத்துனர்களுக்கு இதில் ஒரு தனித் திறமை இருக்கிறது.

முதலில் என் கண்ணில் பட்டவை ஒரு அங்குல சென்சார் என்று சொல்லி விற்கப்படும் கேமராக்கள். ஒரு அங்குலம் என்பது பழைய வீடியோ கேமராக் குழாய்களின் காலத்திலிருந்து வந்த பெயர்தானே தவிர, அந்த சென்சாரின் உண்மையான அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர் மட்டுமே. இந்த வகைக்கு வழி காட்டியது 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. அதே வரிசையில் 2019இல் வந்த ஏழாவது மாடல் 302 கிராம் எடைக்குள் 24 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான (எண் சிறியதானால் பார்வை அகலும், பெரியதானால் தூரத்துப் பொருள் நெருங்கி வரும்) ஜூம் லென்ஸையும், மேலே எழும்பி வரும், கண்ணை வைத்துப் பார்க்கும் ஒரு சிறிய வ்யூஃபைண்டரையும் அடக்கி வைத்திருக்கிறது. அதே ஆண்டின் கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3 ஜூமில் 100 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டாலும் எஃப் 1.8 முதல் 2.8 வரை (இந்த எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம்) வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும் லென்ஸ் கொண்டது. வெளி மைக் செருகும் வசதியும் இருப்பதால் வீடியோ எடுப்பவர்களுக்கு ஏற்றது. அடுத்ததாக, பலருடைய ஆசைப் பட்டியலில் இருக்கும் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை. 2024இல் வந்த எக்ஸ்100 6 மாடலில் 40 மெகாபிக்சல் சென்சார், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐந்து அச்சு அமைப்பு, கண்ணாடி வழியாகவும் மின்திரை வழியாகவும் பார்க்கக்கூடிய வ்யூஃபைண்டர் எல்லாம் உண்டு. எடை 521 கிராம். கடையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அது எந்தக் கால்சட்டைப் பையிலும் நுழையாது. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் கீழமாசி வீதியில் பலசரக்கு வாங்கும்போதுகூட நான் படம் எடுக்க வந்தவனாகத்தான் தெரிவேன். பையில் வைத்தால் மீண்டும் பீரோ கதைதான்.

ஜிஆர் 3 இந்த இரண்டு வகைக்கும் இடையில் நிற்கிறது. 2019இல் விற்பனைக்கு வந்த இந்தக் கேமராவில் டிஎஸ்எல்ஆர் அளவிலான ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சலோடு இருக்கிறது. பரப்பளவில் ஒரு அங்குல சென்சாரைப்போல் மூன்று மடங்கு. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து எடை 257 கிராம். நீளம் 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தடிமன் மூன்றே கால் சென்டிமீட்டர் அளவு. சட்டைப் பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், கால்சட்டைப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இவ்வளவு சிறியதாக்குவதற்காகக் கைவிட்டவை என்னவென்றால் ஜூம், வ்யூஃபைண்டர், ஃப்ளாஷ், திருப்பக்கூடிய திரை. 28 மில்லிமீட்டர் பார்வை கொண்ட எஃப் 2.8 லென்ஸ் ஒன்றுதான். நெருங்க வேண்டுமென்றால் காலால்தான் நெருங்க வேண்டும்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் சென்சார் அல்ல, ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதி. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்ததற்கான பச்சைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு முழுவதும் அழுத்துவது எல்லாக் கேமராவிலும் உள்ள முறை. ஜிஆரில் அதுவும் உண்டு. கூடவே, பொத்தானை ஒரே மூச்சில் முழுவதும் அழுத்தினால், ஃபோகஸைத் தேடாமல் நாம் முன்கூட்டியே குறித்து வைத்த தூரத்தில் படம் எடுத்துவிடும் ஏற்பாடும் உண்டு. கணக்கு இப்படி: தூரத்தை இரண்டு மீட்டர் என்றும் லென்ஸின் துளையளவான அப்பெர்ச்சரை எஃப் 8 என்றும் வைத்துவிட்டால், இந்த லென்ஸில் ஒரு மீட்டரிலிருந்து தெருமுனை வரை ஏறத்தாழ எல்லாமே தெளிவாக விழும். நம் ஊர் வெயிலில் சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 400இல் வைத்தால் எஃப் 8க்கு 1/1600 விநாடி வேகம் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த வேகத்தில் நடப்பவரும் உறைந்து நிற்பார், சைக்கிளும் உறைந்து நிற்கும். கேமராவைப் பையிலிருந்து எடுத்து, பொத்தானை அழுத்தி, அது ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் உயிர் பெற்று, படம் பதிவாகி முடிவதற்குள் எதிரே இருப்பவர் தலை திரும்பியிருக்க மாட்டார். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா ஊற்றுபவர் பாலை உயரத்திலிருந்து இறக்குகிற அந்த ஒரு நொடியை டிஎஸ்எல்ஆரால் நான் ஒருமுறைகூடச் சரியாகப் பிடித்ததில்லை. பையைத் திறப்பதற்குள் டம்ளர் என் கைக்கு வந்துவிடும்.

இருட்டில் இந்தக் கணக்கு செல்லாது. பூச்சந்தையில் அப்பெர்ச்சரை 2.8க்குத் திறந்தாக வேண்டும், திறந்தால் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிவிடும், அங்கே தானாகப் பிடிக்கும் ஃபோகஸை நம்பியே எடுக்க வேண்டியிருக்கிறது. அது மங்கலான வெளிச்சத்தில் தயங்கித் தயங்கித்தான் பிடிக்கிறது. இதில் சோனியின் ஃபோகஸ் எத்தனையோ மேல் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஃபோகஸ் பிடித்துவிட்டால், ஐஎஸ்ஓ 3200இல் மல்லிகையின் வெள்ளை வெள்ளையாகவும், சாக்குப் பையின் இழை இழையாகவும் பதிகிறது. 6400 வரை எனக்கு உடன்பாடுதான்; அதற்கு மேல் போனால் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்வேன்.

அசையாத பொருளாக இருந்தால் நிலைமை வேறு. சென்சாரையே அசைத்துக் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் மூன்று அச்சு அமைப்பு இதில் இருப்பதால், திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்க விலாசத்தில், கேமராவுக்கான தனிக் கட்டணச் சீட்டை வாங்கிக்கொண்டு போய், முக்காலி இல்லாமல் 1/8 விநாடியில் எடுத்த குவிமாடப் படம் சுதை வேலைப்பாட்டின் விளிம்பு மங்காமல் வந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் இந்தக் கேமராவால் எந்தப் பயனும் இல்லை. 2018இல் வீர வசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பிறகு கைபேசிக்கும் தடை வந்துவிட்டதால், எல்லாவற்றையும் வெளியே ஒப்படைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் பார்த்து வருவதே நடைமுறை.

கோயிலுக்கு வெளியேயும் 28 மில்லிமீட்டர் என்ற அகலப் பார்வையோடு பழக ஒரு மாதம் பிடித்தது. தெற்குக் கோபுரத்தின் உயரம் 160 அடி. கேமராவை நிமிர்த்தாமல், செங்குத்தாகப் பிடித்து அதை முழுவதும் படத்துக்குள் கொண்டுவர ஏறக்குறைய 75 மீட்டர் பின்வாங்க வேண்டும். சித்திரை வீதியில் அதற்கு வழியில்லை. அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். ஆகவே கோபுரத்தை முழுதாக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, வளையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே ஒரு துண்டுக் கோபுரம் எட்டிப் பார்ப்பதைப்போல எடுக்கப் பழகிக்கொண்டேன். குறுகிய சந்துகளிலும், கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பின்னே நகர ஓரடிகூட இடமில்லாத பாறைத் தாழ்வாரத்திலும் இந்த அகலம்தான் கைகொடுக்கிறது. அங்குள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழிருக்கும் வட்டெழுத்தை நெருங்கி எடுக்க மேக்ரோ வசதி பொருளுக்கு 6 சென்டிமீட்டர் வரை நெருங்க விடுகிறது, வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரமாக இருந்தால் எழுத்துகள் மேலெழுந்து தெரியும். நடுவில் 35, 50 மில்லிமீட்டர் பார்வைக்கு வெட்டி எடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் 50இல் கையில் மிஞ்சுவது 7 மெகாபிக்சல்தான்.

வ்யூஃபைண்டர் இல்லாத குறை சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் உறைக்கும். திரையின் ஒளியை முழுவதும் ஏற்றினாலும் தெரிவது என் முகம்தான். அப்போது ஸ்னாப் ஃபோகஸில் வைத்துவிட்டு, 28 மில்லிமீட்டருக்குள் எவ்வளவு விழும் என்ற பழக்கத்தை வைத்துக் குத்துமதிப்பாக எடுப்பேன். திரையைத் திருப்ப முடியாது என்பதால், வைகையில் அழகர் இறங்கும் நாளில் தலைகளுக்கு மேலே கையைத் தூக்கி எடுப்பதும் அதே குத்துமதிப்புதான். பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஒரு தடவை சார்ஜ் செய்தால் 200 படம் என்பது நிறுவனத்தின் கணக்கு, அதுவே போதாது, கூடுதலாக ஒரு பேட்டரி கட்டாயம். கைபேசியின் டைப்-சி சார்ஜரே இதற்கும் பொருந்துகிறது.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வைத்திருந்தது வேறொரு நிறுவனத்தின் ஜூம் காம்பாக்ட், பெயர் வேண்டாம். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு எதிரே அரை நாள் அதை நீட்டி நீட்டிச் சுருக்கியதில், லென்ஸ் குழல் கொல்லன் உலைத் துருத்தியைப்போலக் காற்றோடு புழுதியையும் உள்ளே இழுத்துக்கொண்டது. மாடு பிடி வீரர்கள் அத்தனை பேர் தலைக்கு மேலும் ஒரு கறுப்புப் புள்ளி. சுத்தம் செய்யக் கேட்ட தொகை கேமராவின் அன்றைய மதிப்பில் பாதி. தவறு என்னுடையது, அந்தக் கேமரா புழுதிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஜிஆர் 3யிலும் தூசிக்கும் மழைக்கும் எதிரான அடைப்பு எதுவும் இல்லை, லென்ஸும் இயக்கும்போது வெளியே நீள்கிறது. சென்சாரை அதிர வைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு உள்ளே இருப்பது ஓரளவுக்கே ஆறுதல். அதனால் கால்சட்டைப் பைக்குள் அப்படியே போடாமல், மீந்த சுங்குடித் துணியில் சுருக்குப் பை ஒன்று தைத்து வாங்கினேன். முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்காரர் தைத்துக் கொடுத்தார்; எதற்கு என்று கேட்டவர், கேமராவைக் காட்டியதும் அளவெடுக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஐப்பசி மழைக்கு அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை.

ஜல்லிக்கட்டு, பறவைகள், பள்ளி ஆண்டு விழா மேடை என்று எட்ட நின்று எடுக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கேமராவை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடலே தகும், இருட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும். குழந்தைகள் முகத்தையும் பெரியவர்கள் முகத்தையும் அதிகம் எடுப்பவர்கள் இதே கேமராவின் 40 மில்லிமீட்டர் வடிவமான ஜிஆர் 3எக்ஸைப் பார்க்கலாம். 2025இல் ஜிஆர் 4 வந்திருக்கிறது: 26 மெகாபிக்சல், ஐந்து அச்சு நடுக்கத் தடுப்பு, உள்ளேயே 53 ஜிபி நினைவகம். அதிலும் வ்யூஃபைண்டர் இல்லை, ஃப்ளாஷ் இல்லை. என்னிடம் உள்ளது ஓடும்வரை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

என் கேமரா சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது, ஆகவே இங்கே வாரண்டி கோர முடியாது என்பதைத் தெரிந்தே வாங்கினேன். கடையில் வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பில்லையும், பழுது வந்தால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். செகண்ட் ஹேண்டாக வாங்குபவர்கள் அப்பெர்ச்சரை எஃப் 16க்குக் குறுக்கி, ஒரு வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுத்து, படத்தைப் பெரிதாக்கி மூலைக்கு மூலை பார்க்க வேண்டும். உள்ளே தூசி இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். விற்பவர் அதற்குள் வேறு பேச்சு எடுத்தால், இன்னொரு தடவை வானத்தை எடுத்துப் பாருங்கள்.