'10,000 பழைய கேம்ஸ்' பென் டிரைவ் விளம்பரம்: ஏமாறாதீர்கள்

சில மாதங்களாக சமூக ஊடகங்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "90'ஸ் கிட்ஸ் ஸ்பெஷல்! டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, மைன்ஸ்வீப்பர், ஃப்ரீசெல், லெம்மிங்ஸ் உட்பட 10,000 கேம்ஸ். 128 ஜிபி பென் டிரைவ். ₹899 மட்டுமே. வாழ்நாள் முழுக்க இலவசம்!" இலவசம் என்றால் எதற்கு ₹899 என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மவுஸுக்கு நாலு பேர் சண்டை போட்ட தலைமுறைக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் கேள்வி எதுவும் வருவதில்லை.

எங்கள் வீட்டில் அதை வாங்கியது சித்தப்பா. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஃப்ரீசெல் என்ற சீட்டாட்டத்தில் பைத்தியம். அவருடைய பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் பிள்ளைகள் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே அந்தப் பழைய ஃப்ரீசெல், மைன்ஸ்வீப்பர் எல்லாம் விண்டோஸோடு வருவது நின்றுபோனது. அவர் தேடியது அந்தப் பழசைத்தான்.

பார்சல் வந்தது. கேஷ் ஆன் டெலிவரி, ஆனால் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தர முடியாது. பென் டிரைவைச் செருகினால் உள்ளே ஒரு 'லாஞ்சர்', கூடவே தமிழிலேயே எழுதிய ஒரு குறிப்பு: "பழைய கேம்ஸ் என்பதால் ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும். ஆஃப் செய்துவிட்டு ஓப்பன் செய்யவும்." எப்படி ஆஃப் செய்வது என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வேறு அனுப்பினார்கள். ரொம்ப மரியாதையான குரல், வாக்கியத்துக்கு வாக்கியம் "சார்". அன்று சாயங்காலமே பிரவுசரின் தேடல் பக்கம் மாறிவிட்டது. திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று அறிவிப்புகள் வர ஆரம்பித்தன. அதில் ஒரு உதவி எண்ணும் இருந்தது. நல்லவேளை, அந்த எண்ணுக்கு அழைக்கும் முன் எனக்குப் போன் செய்தார்.

நான் போய் உட்கார்ந்து அந்த 10,000-ஐப் பிரித்துப் பார்த்தேன். ஒரே வீடியோ கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, அதற்கு யாரோ செய்த திருத்தப் பதிப்பு என்று ஒன்றே நாலைந்தாக எண்ணப்பட்டிருந்தது. இன்னொரு பெரிய பங்கு ஷேர்வேர். அந்தக் காலத்தில் முதல் பாகத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்து, பிடித்திருந்தால் மீதியை வாங்கச் சொல்வார்கள். அந்த முதல் பாகங்களை அள்ளிப் போட்டு முழு கேம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிப்ஸ் சேலஞ்ச், ஜெஸ்பால் மாதிரி மைக்ரோசாஃப்ட் என்டர்டெயின்மென்ட் பேக்கில் வந்த புதிர்களும் இருந்தன. கிளிக் செய்தால் ஒன்றுகூடத் திறக்கவில்லை, திறக்கவும் திறக்காது. அவை விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் புரோகிராம்கள். விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் எதுவும் இல்லாமல் அவை அதில் நேரடியாக ஓடாது. "விண்டோஸ் 11-இல் 100% வேலை செய்யும்" என்று எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஃப்ரீசெல்லில்தான் சித்தப்பா அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். விண்டோஸ் ஃப்ரீசெல்லில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண் உண்டு. எண்ணைக் கொடுத்தால் அதே சீட்டுகள் அதே வரிசையில் விழும். ஆரம்பப் பதிப்புகளில் 32,000 ஆட்டங்கள். 1990-களின் நடுவில் இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் அத்தனையையும் பங்கு போட்டுக்கொண்டு ஆடித் தீர்த்தார்கள். யாராலும் முடிக்க முடியாமல் மிஞ்சியது 11982 மட்டும். அதற்குத் தீர்வே இல்லை என்று பின்னாளில் கம்ப்யூட்டர்களும் காட்டிவிட்டன. -1, -2 என்று கொடுத்தாலும் ஜெயிக்கவே முடியாத சீட்டுகள் வரும், அது புரோகிராம் எழுதியவர் வைத்த குறும்பு. சித்தப்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. 11982 போட்டுப் பார்க்கலாம் என்று மெனுவைத் தேடினார். எண் கேட்கும் பெட்டியே இல்லை. ஒரு ஆட்டம் முடிந்ததும் லோன் ஆப் விளம்பரம் வந்தது.

"இது நம்ம ஃப்ரீசெல் இல்லடா. பேரை மட்டும் ஒட்டிருக்கான்."

இதோடு நின்றிருந்தால் ₹899 போச்சு என்று விட்டிருப்போம். மிச்சம் இடம் நிறைய இருக்கிறதே என்று அவர் காசி போய் வந்த போட்டோக்களை அதே பென் டிரைவில் போட்டு வைத்திருந்தார். பாதிப் படங்கள் திறக்கவில்லை, சிலவற்றில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் சோதித்ததில் விஷயம் வெளிவந்தது: 128 ஜிபி என்று லேபிள் ஒட்டிய அந்த டிரைவில் உண்மையில் எட்டு ஜிபிகூட இல்லை. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பில் பொய்யான அளவை எழுதி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரும் அதை நம்பி 128 என்று காட்டும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு காப்பி செய்வதெல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காணாமல் போகும், அல்லது பழைய ஃபைல் மேலேயே எழுதப்படும். காப்பி ஆகிவிட்டது என்றுதான் திரை சொல்லும். மலிவு விலை பென் டிரைவ் எது வாங்கினாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே சோதனைக்கு எஃப்3 என்ற கருவி இருக்கிறது. போட்டோக்கள் போனிலும் இருந்ததால் தப்பித்தோம்.

அடுத்தது பணம். லாஞ்சரில் 'பிரீமியம் கேம்ஸ்' பூட்டியிருந்தது. கேட்டதற்கு, "ஆக்டிவேஷனுக்கு ஒரு ரூபாய் மட்டும் சார்" என்று லிங்க் அனுப்பினார்கள். யுபிஐ ஆப் திறந்தது, திரையில் ₹1 பெரிதாகத் தெரிந்தது, சித்தப்பா பின் போட்டார். அது ஆட்டோபே ஒப்புதல், அதாவது மாதாமாதம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. அடுத்த மாதம் ₹499, அதற்கடுத்த மாதமும் ₹499. பிடிப்பதற்கு முன் எஸ்எம்எஸ் வரத்தான் செய்தது, ஆனால் ஆங்கிலத்தில், வங்கி அனுப்பும் நூறு விளம்பரச் செய்திகளுக்கு நடுவில். உங்கள் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்ற பகுதியை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் அங்கேயே ரத்து செய்யலாம், விற்றவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

நாங்கள் கேட்டபோது "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். பென் டிரைவ் எப்போது டிஜிட்டல் பொருள் ஆனது என்று கேட்டதும் எங்களை பிளாக் செய்துவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் பதிவு செய்தோம், வங்கியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. லேப்டாப்பை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி போட வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் இவர்கள் விற்கும் சரக்கில் உருப்படியானவை இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற நூலகத்தில் 2015 முதல் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்கள் ஆயிரக்கணக்கில் பிரவுசரிலேயே ஆடலாம், 2016-இல் விண்டோஸ் 3.1 தொகுப்பும் சேர்ந்தது. எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது, கார்டு எண் கேட்காது. அங்கே உள்ள பல கேம்களுக்குப் பதிப்புரிமை இன்னும் யாரிடமோ இருக்கிறது, அதனால் சில அவ்வப்போது நீக்கப்படும். பழசாகிவிட்டது என்பதால் மட்டும் உரிமை போய்விடாது, பென் டிரைவில் போட்டு விற்க இவர்களுக்கு யாரும் அனுமதி கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

உரிமைச் சிக்கலே இல்லாமல் வேண்டும் என்றால் என் முதல் தேர்வு சைமன் டாட்டமின் புதிர்த் தொகுப்பு. சென்னை ஐடி ஆட்களுக்குப் பழக்கமான 'புட்டி' மென்பொருளை எழுதிய அதே மனிதர். சுமார் 40 புதிர்கள், விளம்பரம் கிடையாது, விண்டோஸ், ஆண்ட்ராய்டு, பிரவுசர் மூன்றிலும் ஓடும். அதில் உள்ள 'மைன்ஸ்', அதாவது மைன்ஸ்வீப்பர், விண்டோஸில் ஆடியதைவிட மேல். கடைசி இரண்டு கட்டத்தில் குருட்டாம்போக்காக எதையோ அமுக்கிச் செத்துப்போகும் கொடுமை இதில் இல்லை, எல்லாப் பலகையையும் யோசித்தே முடிக்கலாம். சீட்டாட்டத்துக்கு பைசால் எஃப்சி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், ஃப்ரீசெல் உட்பட. கதையோடு புதிர் வேண்டுவோர், பழைய சாகச கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளின் தளத்துக்குப் போகலாம். 1994-இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யை அதை உருவாக்கியவர்களே 2003-இல் இலவசமாக்கி அங்கே கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றைத் தேடும்போதும் கவனம். கூகிளில் மேலே வரும் 'விளம்பரம்' குறியிட்ட முடிவுகளைத் தொடாதீர்கள். ஒரே பக்கத்தில் நாலு பச்சை டவுன்லோட் பொத்தான்கள் இருந்தால் மூடிவிடுங்கள். "அறிவிப்புகளை அனுமதி" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

போன வாரம் அதே விளம்பரம் வேறு பக்கத்தின் பெயரில் வந்தது. அதே படங்கள், இப்போது விலை ₹699, எண்ணிக்கை 15,000. பார்த்தால் ரிப்போர்ட் அடியுங்கள், ரிட்டயர் ஆன சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்ப குரூப்களிலும் இந்தப் பதிவைப் போட்டுவிடுங்கள்.