திருகோணமலையிலிருந்து ஓர் அயர்லாந்துப் பூட்டனைத் தேட: ஐரிஷ்ஜீனியாலஜி தளம் எப்படி?

முதலில் எந்தக் கம்பனிக்கும் காசு கட்டாதீர்கள். அயர்லாந்து அரசே நடத்தும் ஐரிஷ்ஜீனியாலஜி டொட் ஐஈ தளத்தில் பழைய பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளின் பக்கங்களைப் படமாகவே திறந்து பார்க்கலாம், முழுக்க இலவசம். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர் நம்முடையது. நேவியோடு வந்து இங்கேயே கலியாணம் கட்டித் தங்கிவிட்ட ஐரிஷ்காரர் கதை எங்கள் வீட்டிலும் உண்டு, அவர் அம்மம்மாவின் அப்பா. அவரைத் தேடித்தான் இந்தத் தளத்துக்குப் போனேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

ஆனால் பெயரை மட்டும் அடித்துவிட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெயரில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஆள் இருக்கிறார், போதாததற்கு ஓ பிரையன் ஒரு பதிவில் வெறும் பிரையனாக இருப்பார். பிறந்த ஊர் தெரியாமல் அந்தக் கடலில் இறங்கிப் பயனில்லை. அந்த ஊரைக் கண்டுபிடிக்கும் வேலை நம் ஊரில்தான் தொடங்குகிறது. தேவாலய விவாகப் புத்தகத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரைப் பாருங்கள், தொழில் எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் மாலுமிகளின் சேவைப் பதிவுகளைத் தேடுங்கள். பிறந்த திகதியும் ஊரும் பட்டியலிலேயே இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் டப்ளின் டப்ளின் என்று சொல்லி வந்தார்கள், பட்டியலில் இருந்ததோ கோர்க் மாவட்டத்துக் கின்சேல். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், நேவியில் சேரும்போது கூட்டிச் சொன்ன பையன்கள் நிறையப் பேர்.

சரி, ஊர் கிடைத்தாயிற்று என்றால் தளம் அருமையாக வேலை செய்கிறது. அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864இல் தொடங்கியது. நூறு வருடம் தாண்டிய பிறப்பு, எழுபத்தைந்து தாண்டிய விவாகம், ஐம்பது தாண்டிய மரணம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். இப்போது வட அயர்லாந்தில் இருக்கும் ஆறு மாவட்டங்களுக்கும் 1921 வரை இங்கேயே பார்க்கலாம். பூட்டனின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர், தொழில், குடியிருந்த இடம், தாயின் கன்னிக் குடும்பப் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. அந்தத் தாயின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

அந்தப் பெயரோடு அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 1901, 1911 குடிசனக் கணக்கெடுப்புக்குப் போங்கள், அது வேறு தளம், அதுவும் இலவசம். வீட்டுக் கூரை ஓடா வைக்கோலா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். 1911 படிவம்தான் என்னை உலுக்கியது. கலியாணமான பெண்களிடம் எத்தனை வருடத் தாம்பத்தியம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்னும் இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். பூட்டனின் தாய்க்கு நேரே 49 வருடம், பிறந்தது ஒன்பது, இருப்பது ஏழு. அன்றிரவு வீட்டில் இருந்தவர்களைத்தான் படிவத்தில் எழுதுவார்கள், அதனால் திருகோணமலையில் இருந்த மகனின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவர் 1911இல் இங்கே உயிரோடுதான் இருந்தார். அந்த ஏழில் அவரையும் எண்ணியிருந்தாளா, அல்லது தூரதேசம் போன பிள்ளையை இல்லாமல் போனவன் என்று கழித்துவிட்டாளா? அதை எந்தத் தளமும் சொல்லாது, நான் எண்ணியிருந்தாள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. தேடப் போகும்போது உங்கள் பெயரை அடித்து, ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்கிறது, போனில் இது பெரிய தொல்லை. பழைய கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் பெயர்களைத் தப்பாக வாசித்த இடங்களும் இருக்கின்றன. 1864க்கு முந்திய காலத்துக்கு தேவாலயப் புத்தகங்கள்தான் கதி. டப்ளின் நகரம், கெரி, கார்லோ, கோர்க்கின் ஒரு பகுதி இவற்றுக்கு மட்டுமே இங்கே அவை உண்டு, மற்ற ஊர்க்காரர்கள் தேசிய நூலகத்தின் தளத்தில் கத்தோலிக்கப் பங்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். 1901ஐவிடப் பழைய குடிசனக் கணக்குகளைத் தேடி அலையாதீர்கள். 1821 முதல் 1851 வரையானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தோடு எரிந்தது, 1861 முதல் 1891 வரையானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது.

49 வருடம் என்றால் கலியாணம் 1862 அளவில், கத்தோலிக்க விவாகங்களை அரசு பதியத் தொடங்க முன்னர். கோர்க் ஆட்கள் என்பதால் அந்தப் புத்தகமும் இதே தளத்தில் இருக்க வாய்ப்பு உண்டு, இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நேவி வழியாக வந்த பூட்டன் யாருக்காவது இருந்து, கியூ பட்டியலில் எப்படித் தேடுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.