மூக்கிரட்டையா, பண்ணைக்கீரையா, பருப்புக்கீரையா?

சேலத்து வெயிலையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் தாங்கும் காட்டுக்கீரை ஒன்றை வீட்டில் வளர்க்க வேண்டும். எதை வைக்கலாம்? கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் மூன்றையும் வளர்த்துப் பார்த்தேன்.

சாகாமல் தாக்குப்பிடிப்பதில் மூக்கிரட்டைதான் கெட்டி. வேர் தடித்து ஆழமாக இறங்கிவிடுகிறது. சித்திரையில் கொடி கருகினாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ஆனால் அதற்குத் தரை வேண்டும், தொட்டி போதாது. ஒரு தடவை பறித்தால் ஒரு பிடி கிடைக்கும். அடைமாவில் சேர்க்கச் சரி, நாலு பேருக்குக் கடைய வராது. நடக்கிற வழியில் வைக்காதீர்கள். பிசுபிசுத்த காய் சேலையில் ஒட்டிக்கொள்ளும்.

ருசி என்றால் பண்ணைக்கீரை. ராகிக் களிக்கு அந்தக் கடைசல் இருந்தால் எனக்கு வேறு குழம்பே வேண்டாம். சோளக் கொல்லையில் தானாக முளைக்கும் கீரை இது, மழையோடு வந்து மழையோடு போய்விடும். கதிர் விடுவதற்குள் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். இரண்டு செடியை விதைக்கு விட்டால் அடுத்த மழைக்கு அதுவே முளைக்கும். கோடையில் பாத்தி காலிதான்.

அதனால் நான் நிரந்தரமாக வைத்துக்கொண்டது பருப்புக்கீரை. மாடியில் அகலமான தொட்டி போதும். தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வேர் பிடிக்கும். சதைப்பற்றான இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வறட்சி வந்தால் இன்னொன்றும் செய்கிறது: பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, கரியமில வாயுவை இரவில் இழுத்து அமிலமாகச் சேமிக்கிறது. காலையில் பறித்த கீரை புளிப்பதும், அதே செடியில் மாலையில் பறித்தால் புளிப்பு குறைவதும் இதனால்தான். துவரம்பருப்போடு கடைவதாக இருந்தால் காலையில் பறிப்பேன், புளியைக் குறைத்துக்கொள்ளலாம். பொரியலுக்கு மாலைக் கீரை.

ஏற்காட்டுக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரும் பனிமூட்டமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. நல்ல வெயில் வேண்டும், ஈரம் தேங்கினால் தண்டு அழுகிவிடும்.

அப்புறம், தரையோடு படரும் அம்மான் பச்சரிசி வகையைப் பருப்புக்கீரை என்று பறித்துவிடாதீர்கள். தண்டை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் அது பருப்புக்கீரை அல்ல. பருப்புக்கீரையில் ஆக்சலேட் அதிகம்; சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.