பிள்ளைகளின் தீராத கால்வலிக்கு ரெக்கக்னைஸ் ஆப்பும் ஒரு கண்ணாடியும்: வாங்கலாமா?

கணுக்கால் சுளுக்கு ஆறிவிட்டது, எக்ஸ்ரேயிலும் குறை இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்தும் போர்வை பட்டாலே பிள்ளை அலறுகிறாள். அந்தப் பாதம் மட்டும் சில்லிட்டு நீலம் பாரித்திருக்கிறது. சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) எனப்படும் இந்த வலி, சிறுவர்களில் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் காலில்தான் வருகிறது. 'பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள்' என்பவர்களுக்கு ஒரு தகவல்: இப்படிப்பட்ட பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து 2014இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா மற்ற பகுதிகளோடு மிகையாக இணைந்து இயங்கியது தெரிந்தது. தீவிர பிசியோதெரபியும் உளவியல் சிகிச்சையும் கொடுத்த பிறகு அது தணிந்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலுள்ள நியூரோ ஆர்த்தோபீடிக் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட 'ரெக்கக்னைஸ்' ஆப் செய்வது ஒரே வேலைதான். பாதத்தின் படம் வரும். இடதா வலதா என்று தொட வேண்டும். பதில் சொல்ல, மூளை தன் பாதத்தை மனதுக்குள்ளேயே அந்தக் கோணத்துக்குத் திருப்பிப் பார்க்கிறது. அசைவைத் திட்டமிடும் பகுதிகளுக்குப் பயிற்சி கிடைக்கிறது, கால் அசைவதில்லை. மூன்று கட்டப் பயிற்சியில் இது முதல் கட்டம். அடுத்த கட்டம் அசைவைக் கற்பனை செய்வது, மூன்றாவது கண்ணாடிப் பயிற்சி, அதாவது நல்ல காலின் பிம்பத்தை வலிக்கும் கால்போலப் பார்ப்பது. வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லியின் 2004 ஆய்வில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாரம் கொடுத்தார்கள், பங்கேற்றவர்கள் பெரியவர்கள்.

ஆப்பில் 'வெனிலா' என்ற எளிய பிரிவில் 20 படம், படத்துக்கு 5 விநாடி என்று வைத்துத் தொடங்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், நாளில் நாலைந்து தடவை. முடிவில் இரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சரியான விழுக்காடும் வேகமும் வரும். பெரியவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு 80 விழுக்காட்டுக்கு மேல், பாதப் படம் ஒன்றுக்குச் சுமார் 2 விநாடி. பிள்ளைகளை அந்த வேகத்துக்கு விரட்டக் கூடாது. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வருகிறதா என்பதே முக்கியம்.

இந்த ஆப்பின் பலவீனமும் வேகம்தான். பிள்ளைகள் இதை வீடியோ கேமாக்கிவிடுவார்கள். நேரம் ஒரு விநாடிக்குள், விழுக்காடு 50 அருகில் என்றால் குருட்டாம்போக்கில் தட்டுகிறாள் என்று பொருள். இரு பக்கமும் ஒரே அளவுக்குத் தப்பினால், இடது வலது என்ற பெயரிலேயே குழப்பமா என்று முதலில் சோதியுங்கள். டேப்லெட்டைத் திருப்பியோ தன் காலைக் குனிந்து பார்த்தோ சொன்னால் பயிற்சியே வீண். படத்தைப் பார்த்ததுமே வலி ஏறினால் அது பொய்யல்ல. அசைவை நினைத்தாலே சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளுக்கு வலியும் வீக்கமும் கூடுவது பதிவாகியிருக்கிறது. படங்களைப் பாதியாகக் குறையுங்கள்.

கண்ணாடிப் பயிற்சியை, துண்டிக்கப்பட்டு இல்லாமல்போன கையில் உணரும் வலிக்காக 1990களில் கொண்டுவந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இதற்கென்று விற்கும் பெட்டிகள் தேவையே இல்லை. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்துங்கள். வலிக்கும் கால் பின்பக்கம் மறைந்திருக்க வேண்டும். நல்ல காலின் கொலுசைக் கழற்றுங்கள். ஒரு காலில் மட்டும் மருதாணி இருந்தால் அழியும்வரை காத்திருங்கள், அல்லது இரண்டுக்கும் வையுங்கள். பிம்பம் தன் கால்தான் என்று மூளை நம்பாவிட்டால் பலன் இல்லை. முதலில் வெறுமனே பார்க்கட்டும், பிறகு விரலை மெதுவாக மடக்கட்டும்.

மெல்லிய அக்ரிலிக் ஷீட் வேண்டாம். அது வளையும், பாதம் வீங்கியதுபோல் தெரியும். வலிக்கும் உறுப்பைப் பெரிதாக்கிக் காட்டினால் வலி கூடும் என்று 2008இல் மோஸ்லியே காட்டியிருக்கிறார்.

இவை இரண்டும் நடைப் பயிற்சிக்கு மாற்று அல்ல, அதற்கான வாசல். காலை ஊன்றுவது, துணியால் தடவிக் கூச்சம் போக்குவது, மனநல ஆலோசனை ஆகியவைதான் முதன்மைச் சிகிச்சை. காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் ஆப்பை வாங்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆப் தனித்தனியாக விற்கிறது. பாதம் மட்டும் வாங்கினால் போதும். கண்ணாடிக்கு, தெருமுனைக் கண்ணாடிக் கடையில் 45க்கு 60 செ.மீ. அளவில் வெட்டி, ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டிவிட்டால் உடைந்தாலும் சிதறாது.