பொறு என்கிறது ஒரு விதி, கிளம்பு என்கிறது இன்னொன்று

கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் காலக்கெடு என்ற சொல் நம்மிடம் ஒரு பொருளிலும் அமெரிக்காவில் அதற்கு நேர்மாறான பொருளிலும் வழங்குகிறது. இங்கே ‘இத்தனை ஆண்டு ஆகட்டும், பொறு’. அங்கே ‘இத்தனை ஆண்டுக்குள் தேறு, இல்லையேல் கிளம்பு’.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, முனைவர் பட்டத்துடன் சேரும் உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் போக 4 ஆண்டு, அங்கிருந்து 12-க்கு 5, இணைப் பேராசிரியராக 3, பேராசிரியராக மேலும் 3. மொத்தம் 15. வயிறு காயாது, தவறினால் ஓராண்டு கழித்து மறுபடியும் போகலாம்.

அமெரிக்காவில் 1940-இல் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து வகுத்த கொள்கையின்படி, தகுதிகாண் பருவம் 7 ஆண்டைத் தாண்டக் கூடாது. வழக்கமாக ஆறாம் ஆண்டில் நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு நடக்கும். தேறாதவருக்கு இன்னும் ஓராண்டு, பிறகு வாசல்.

ராமநாதபுரம் கடற்கரையில் எது ஒத்துவரும்? தொண்டிக்குக் கிழக்கே கடற்புல் எண்ணும் நண்பருடன் ஒருநாள் வல்லத்தில் போயிருந்தேன். குழாய்களை ஒட்டிச் செய்த சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, விரலால் விலக்கி, ஒவ்வொரு தண்டாக எண்ணினார். ஒரு மூலையில் 63 வந்தபோது நீர் கலங்கிவிட்டது. பலகையில் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்பினோம். வாடைக் காற்றில் வடகடலான பாக் நீரிணை கலங்கும், தென்மேற்குக் காற்றான கச்சானில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கும். தெளிந்த நாட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இப்படி எண்ணுபவர் ஆறே ஆண்டில் தேற வேண்டுமென்றால், கடற்புல்லை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குள் விரைவாக முடியும் வேலைக்குத்தான் போவார். குழந்தை பிறந்தால் அமெரிக்காவில் பல இடங்களில் கெடுவில் ஓராண்டு கூட்டித் தருகிறார்கள். கடல் கலங்கியதற்கு யார் தருவார்?

அதனால் என் ஓட்டு நம் விதிக்கே. ஒரு குறையோடு. அந்தக் கெடு ஆசிரியரைக் கட்டும் அளவுக்கு நிர்வாகத்தைக் கட்டுவதில்லை. விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நான் வேலை பார்த்த கல்லூரியில் என் கோப்பு அதற்குப் பிறகும் இரண்டு வாடைக்காலம் பார்த்தது. ஒருமுறை போய்க் கேட்டபோது எழுத்தர் அதன் மேலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி, ‘பத்திரமாக இருக்கிறது சார்’ என்றார்.

நேரடி நியமனம் காகிதத்தில் இன்னும் விரைவு: இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு அனுபவம், பேராசிரியருக்கு 10. ஆனால் காலியிடம் வேண்டும், விளம்பரம் வர வேண்டும். மேலே சொன்ன படிப்படியான பணி மேம்பாட்டு உயர்வுக்குக் காலியிடம் தேவையில்லை. அது ஆளோடு போவது, ஓய்வு பெற்றதும் இடம் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அமெரிக்க விதியை முழுக்கத் தள்ள மனம் வரவில்லை. அந்த 7 ஆண்டு, ஆளை வெளியேற்றுவதற்காக மட்டும் எழுதப்பட்டதில்லை. யாரையும் காலமெல்லாம் தற்காலிகமாகவே வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. நம் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பொறு என்றும் யாரும் சொல்வதில்லை, கிளம்பு என்றும் சொல்வதில்லை. பத்து ஆண்டு பாடம் நடத்தியவருக்கும் கல்லூரி திறக்கும்போது கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.